சாமி குடிக்காத காபி

அந்தக் கை பொந்துக்குள் வந்தது. வந்த கை திரும்பிப் போகவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். அடுக்களையில் நான் பில்டரின் விளிம்பைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களைக்கும் கடைக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பொந்து உண்டு. அந்த வழியாகத்தான் நான் டிகாக்‌ஷன் கொடுப்பேன். கிட்டு ஐயரின் கை வரும், காலிச் செம்பை வைக்கும், நிறைந்த செம்பை எடுத்துக்கொண்டு போய்விடும். மூன்று வருஷமாக நடந்தது அதுதான். அன்றைக்குச் செம்புக்குப் பதில் ஒரு தம்ளர் இருந்தது. கையும் அங்கேயே இருந்தது.

"என்ன சாமி, பாலு திரிஞ்சிருச்சா?"

"இல்லை."

"பெறகு?"

"ஒண்ணு வேணும்."

"யாருக்கு?"

அந்தக் கை தம்ளரை என் பக்கமாக நகர்த்தியது. அப்புறம் மெதுவாக வந்தது பதில்.

"நேக்குத்தான்."

கரண்டி என் கையிலிருந்து நழுவிச் சாம்பலில் விழுந்தது. காபிக் கடையில் நிற்கிறவர் காபி கேட்டதற்கு இவ்வளவு அமர்க்களமா என்று நீங்கள் கேட்கலாம். இந்த வாரம் அந்தக் கதைதான்.

முன்னால் ஐயர், பின்னால் நான்

எங்களுக்கு விளாங்குடி. என் வீட்டுக்காரர் பெயர் முத்துக்கருப்பு. கிணறு வற்றி, கடலை கருகி, இனி மண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை என்று ஆன ஒரு வருஷம், அவர் மதுரையில் மேல மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இரண்டு அறை பிடித்தார். முன்னறை கடை, பின்னறை அடுக்களை. காபி போடுவது என் பொறுப்பு.

எனக்குக் காபி எப்படித் தெரியும் என்றால், சின்ன வயதில் ஒரு பஞ்ச காலத்தில் என் ஆத்தாளோடு சிறுமலைக்குக் காபிப் பழம் பறிக்கப் போனேன். தோட்டத்து பங்களாவுக்குப் பின்னால் சமையல்காரர் கொட்டை வறுப்பார். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போகும். நான் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். எழுத்து எனக்குப் பின்னாளில்தான் வந்தது. மூக்கு முன்னாலேயே வேலை செய்தது.

கடை திறந்து ஒரு மாதம் ஈ ஓட்டினோம். அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே மூன்று காபி ஹோட்டல்கள். மூன்றிலும் ஐயர்மார்தான் அடுப்படியில். ஊர்க்காரர்கள் எங்கள் கடை வாசலில் நின்று குசலம் விசாரித்துவிட்டு, அங்கே போய்க் காபி குடித்தார்கள். ஊர்க்காரர்களை விடுங்கள். சந்தைக்கு வந்த என் வீட்டுக்காரரின் சொந்தத் தாய்மாமனே அப்படித்தான் செய்தார். இவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"என்ன மாமா, நம்ம கடை கண்ணுல படலியா?"

"கோவிச்சுக்கிறாத மாப்ள. நம்ம கையில கம்பங்கூழுன்னா நல்லாருக்கும். காப்பிக்கு ஐயரு கை வேணும்ப்பா."

என் காபியை அவர் ஒரு வாய் குடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம்தான் கிட்டு ஐயர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கல்யாணச் சமையல்காரர்களுக்கு எடுபிடியாக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சிம்மக்கல் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றி நிறைய விபூதி, சிரித்தால் இரண்டு பல் இல்லாதது தெரியும். அவரைக் கடையின் முன்னால், தெருப் பார்க்க, பாய்லர் பக்கத்தில் நிறுத்தினோம். பாலும் டிகாக்‌ஷனும் சேர்த்து, அந்தரத்தில் ஒரு முழம் இழுத்து ஆற்றிக் கொடுப்பார். அந்த வித்தை அவருக்கு நன்றாக வரும்.

அதே கொட்டை, அதே வறுவல், அதே நான். ஆனால் அடுத்த வாரமே பெஞ்சியில் இடமில்லை. "ஐயர் கைன்னா ஐயர் கைதான்" என்று சப்புக்கொட்டிக்கொண்டு போவார்கள். கடைக்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை. ஜனங்களே ஐயர் கடை என்று வைத்துக்கொண்டார்கள். அந்தத் தாய்மாமனும் வந்து இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "இப்பத்தான் மாப்ள கடை மாதிரி இருக்கு" என்றார். எனக்கு அவர் தலையில் செம்பைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

பொய்தானே என்று கேட்டால், பொய்தான். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் கடை நடத்த முடியாது என்பது என் வீட்டுக்காரர் கட்சி. யாராவது பாராட்டினால் கிட்டு ஐயர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அந்தக் கனைப்பு பொந்து வழியாக எனக்குக் கேட்கும். அதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

காபிக் கடை என்றால்

காபிக் கடை நடத்துவது ஒரு பச்சைக் குழந்தையை வளர்க்கிற மாதிரி. எப்போது எதற்கு அழும் என்று தெரியாது. ஆனையூரிலிருந்து பால் வரும். பால்காரர் வீட்டில் மாடு கன்று போட்டால் நமக்குச் சந்தோஷமில்லை, சீம்பால் கலந்துவிடுமோ என்று பயம். மழை வந்தால் கரி நமுத்துப்போகும், கடையெல்லாம் புகை.

எல்லாவற்றையும் விடத் தண்ணீர்தான் முக்கியம். குழாய்த் தண்ணீரில் என் காபி எடுபடாது. வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, தெளியத் தெளிய இறைத்துக் குடத்தில் வர வேண்டும். கோடையில் ஊற்று ஆழத்துக்குப் போய்விடும். அப்போது காபியும் கொஞ்சம் சுருதி இறங்கிவிடும். வாடிக்கைக்காரர்கள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: "ஐயருக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போல."

பல்லில் படாத காபி

கிட்டு ஐயர் எங்கள் கடையில் ஒரு நாளும் காபி குடித்தது கிடையாது.

ஊருக்கெல்லாம் ஆற்றிக் கொடுப்பார். தனக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு கூஜாவில் மோர் கொண்டுவருவார். கை மாறி வந்த பண்டம் அவர் வாயில் படக்கூடாது. அது அவர்கள் வழக்கம். எங்களுக்கும் அதில் வருத்தமில்லை, அவருக்கும் கூச்சமில்லை. மழை மேலேயிருந்து பெய்வது மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்தோம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நான் யோக்கியமா? எங்கள் அடுக்களையின் பின்வாசலில் ஒரு அலுமினியக் குவளை ஆணியில் தொங்கும். வைகையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் சுமந்து வருகிற காளியம்மாளுக்கு அந்தக் குவளையில்தான் காபி. அவள் கொண்டுவருகிற தண்ணீர் கடைக்குள்ளே போகலாம், அவள் போகக் கூடாது. குடித்துவிட்டு அவளே கழுவி அவளே மாட்டிவிட்டுப் போவாள். ஐயர் என் கை காபியைக் குடிக்கவில்லை என்று எனக்கு மனத்துக்குள் ஒரு முள் இருந்த நாளில்கூட, அந்தக் குவளை என் கண்ணில் படவில்லை. அதைக் கழற்ற எனக்கு வெகுநாள் ஆயிற்று. எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவனியாபுரத்துக் கல்யாணம்

ஒரு தை மாதம். அவனியாபுரத்தில் வீடு கட்டியிருந்த ஒரு ஜவுளிக்கடை முதலாளி எங்கள் வாடிக்கை. தன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாளும் காபி நம் கடைதான் என்று சொன்னார். கூடவே ஒரு வார்த்தையும் சொன்னார்.

"ஐயரே நேர்ல வந்து, எங்க வீட்டு அடுப்புல, அவரு கையாலயே போடணும்."

"அதுக்கென்ன மொதலாளி, தாராளமா" என்றார் என் வீட்டுக்காரர். வாய் முந்திவிட்டது. ஐயரின் கனைப்பு அன்றைக்கு இருமலாகவே வந்தது.

முதலாளி படி இறங்கிய பிறகுதான் விஷயம் உறைத்தது. ஐயருக்கு ஆற்றத்தான் தெரியும். டிகாக்‌ஷன் இறக்கத் தெரியாது. இங்கிருந்து இறக்கி வண்டியில் அனுப்பலாமா என்றால், அவனியாபுரம் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். நான் போகலாமா என்றால், அந்த வீட்டு அடுப்படிக்குள் என்னை யார் விடுவார்கள்? முடியாது என்று சொல்லலாமா என்றால், ஏன் முடியாது என்று ஊரே கேட்கும். அந்த ஒரு கேள்வியில் கடை போய்விடும்.

"பத்து நாளு இருக்கு. சாமிக்குச் சொல்லிக் குடு" என்றார் இவர்.

"சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டா?"

"பொந்து இருக்குல்ல."

அப்படித்தான் பாடம் ஆரம்பித்தது. முன்னறையில் அவருக்கு ஒரு சின்ன பில்டர். பொந்து வழியாக நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதிக்கப் போகும்போது இறக்கணும். பொடியை அமுக்கக் கூடாது, சும்மா விடவும் கூடாது. முதலில் கையளவு தண்ணீர் விட்டுப் பொடியை நனைத்து, மூச்சை எண்ணிக் காத்திருந்து, அப்புறம்தான் மீதி. எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். இறக்கியதைப் பொந்து வழியாக நீட்டுவார், நான் குடித்துப் பார்ப்பேன்.

"எப்படி இருக்கு?"

"சுக்குத் தண்ணி மாதிரி இருக்கு சாமி."

மறுநாள் கசப்பு. அதற்கு மறுநாள் வாசனையே இல்லை. நாலாம் நாள் அவருக்கே ரோஷம் வந்துவிட்டது.

"நீ சொன்னபடிதானே பண்ணினேன் பேச்சி. என்ன தப்புன்னு சொல்லு."

எனக்கும் பொறுமை போய்விட்டது. "நான் என்னத்தச் சொல்ல? எந்த ருசிக்குப் போகணும்னு தெரியாமலே நடக்குறீக. ஒரு வாய் குடிச்சுப் பாத்தாத்தான் சாமி தெரியும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  அன்று அவர் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்று என் வீட்டுக்காரர் என்னைத் திட்டித் தீர்த்தார். அதற்கு மறுநாள் விடிகாலையில்தான் அந்தத் தம்ளர் பொந்துக்கு வந்தது.

ஒரு வாய்

முதல் இறக்கு டிகாக்‌ஷன், காய்ச்சின பால், ஒரு கரண்டி சீனி. நான் கலந்து வைத்தேன். கை எடுத்துக்கொண்டது. குனிந்து பொந்து வழியாகப் பார்த்தேன். அவர் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, தம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றிக்கொண்டார்.

"சூடு மட்டும்தான் தெரியறது" என்றார்.

"தூக்கிக் குடிச்சா நாக்குல எங்க தங்கும் சாமி? ஒதட்டுல வச்சு உறிஞ்சணும்."

எச்சில் படக் குடிப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துதான் சொன்னேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் தம்ளரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தார்.

வெகுநேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தார்.

"மூணு வருஷமா இதையா குடுத்துண்டிருந்தேன்?"

"இதத்தான் சாமி."

"யாரும் நேக்குச் சொல்லலையே."

"தெனமும்தான் சொன்னாக. நீங்கதான் கனைச்சீக."

அவர் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று தம்ளரை நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டே நாளில் அவருக்குக் கை கூடிவிட்டது. என் காபியேதான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பட்டுத் துண்டு

கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரரும் கூடப் போனார். அங்கே நடந்ததை அவர் வந்து சொன்னபடியே சொல்கிறேன்.

மூன்று நாளும் காபி பிரமாதம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, முதலாளி ஐயரைக் கூப்பிட்டுப் பட்டுத் துண்டு போர்த்தினார். "இந்தக் கைக்குத்தான் இந்தத் துண்டு" என்றார். என் வீட்டுக்காரருக்கு மூச்சு திரும்பி வந்தது. இனி பயமே இல்லை. ஐயருக்கே போடத் தெரிந்துவிட்டது. மூன்று வருஷப் பொய் தானாகவே மெய்யாகிவிட்டது.

ஐயர் துண்டை எடுத்து மடித்தார்.

"மொதலாளி, இங்க போட்டது நான்தான். ஆனா பத்து நாள் முன்னாடி வரைக்கும் நேக்குக் காபி போடவே தெரியாது. கடையில மூணு வருஷமா நீங்கள்லாம் குடிச்சது, இதோ நிக்கறாரே, இவர் ஆம்படையா பேச்சியம்மா போட்டது. துண்டு அவளுக்குத்தான் போகணும்."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார்.  கையில் காபி வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். பாதி குடித்த தம்ளர்கள் வரிசையாக இருந்ததை என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கூட இருந்தே குழி பறிச்சுட்டாருடி" என்று சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் கோபம்தான். என் பெயரை நாலு பேர் முன்னால் சொன்னாரே என்று சந்தோஷமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன்.

காலி பெஞ்சி

மறுநாள் கடை திறந்தோம். ஒருவரும் வரவில்லை. பால் பொங்கி ஆடை கட்டியது. எதிர்ச்சாரி ஹோட்டலில் உட்கார இடமில்லாமல் எங்கள் வாடிக்கைக்காரர்கள் நின்றுகொண்டு குடித்தார்கள்.

கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு கிட்டு ஐயர் வந்தார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் எதுக்கு வந்தீக? இங்க ஆத்துறதுக்கு என்ன இருக்கு?"

"ஆத்த வரலை. காபி குடிக்க வந்தேன்."

சொல்லிவிட்டுப் பாய்லர் பக்கம் போகாமல், தெருப் பார்த்த பெஞ்சியில், நட்டநடுவில் உட்கார்ந்தார். அண்ணன் வீட்டுக்குக் கல்யாணத்துச் சேதி போய், முதல் நாள் ராத்திரியே அவருக்குக் கூடத்தில் இலை போடவில்லை, இனிமேல் கொல்லைப் பக்கம்தான் என்று, யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னார்.

நான் பொந்து வழியாகவே கேட்டேன். "ஏன் சாமி சொன்னீக? அதான் நீங்களே கத்துக்கிட்டீகளே. எல்லாம் அப்படியே போயிருக்குமே."

"தெரியாதவரைக்கும் பாராட்டினா கூச்சமா இருந்துது பேச்சி. தெரிஞ்சப்பறம், நேத்திக்குத் துண்டு போர்த்தினப்போ, சந்தோஷமா இருந்துது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்துட்டேன்." பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பேச்சி, ஒண்ணு கொண்டா."

கொண்டா என்றால், பொந்து வழியாக இல்லை.

நான் தம்ளரோடு அடுக்களை வாசலில் வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். வழியை மறித்துக் கிடந்த முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். மூன்று வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாகக் கடை நேரத்தில் நான் முன்னறைக்கு வந்தேன்.

ஐயர் தம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சினார். சிம்மக்கல்லிலிருந்து வந்துகொண்டிருந்த அவர் தெருக்காரர் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன கிட்டு இது?"

"காபி."

"யார் போட்டா?"

"இவதான்."

வந்தவர் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஐயர் அவசரப்படாமல் மீதியையும் குடித்தார். தம்ளரைத் திருப்பித் தரும்போதுதான் அவர் நெற்றி விபூதி வேர்வையில் கரைந்திருந்ததைப் பார்த்தேன்.

நாலு நாள் இப்படியே போயிற்று. அதே பெஞ்சி, அதே இடம், அவர் ஒருவர்தான். கடையை மூடிவிட்டு விளாங்குடிக்கே போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்திருந்தார். நானும் சரி என்றிருந்தேன்.

ஐந்தாம் நாள், பத்திரம் எழுதுகிற பிள்ளைவாள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். தினம் இரண்டு வேளை எங்களிடம் குடித்துக்கொண்டிருந்தவர். எதிர்ச்சாரிக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. பெஞ்சியில் உறிஞ்சிக்கொண்டிருந்த ஐயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு போட்டது?" என்றார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"நாந்தான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "நாந்தாண்ணே போட்டேன்."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். பெஞ்சியின் கடைசி ஓரத்தில், எழுந்து ஓட வசதியாக, உட்கார்ந்தார்.

"சீனி கம்மியா" என்றார்.

உள்ளே ஓடிப்போய்க் கலந்தேன். அவசரத்தில் சீனி அதிகமாகவே விழுந்துவிட்டது. கொண்டுவந்து கொடுத்தேன். அவர் தம்ளரைக் காலி பண்ணித்தான் கீழே வைத்தார்.